மிதந்தால் மட்டும் போதுமா?
கடலில் தவறி விழுவோரை மீட்கும் கருவிகளின் கதை

பத்தாந் தர வகுப்பில் ஒரு நாள் மேலுதைப்புப் பற்றிப் படிப்பித்துக் கொண்டிருந்தேன். ஒரு வாளி நீர், ஒரு முட்டை, கொஞ்சம் உப்பு. நல்ல நீரில் அமிழ்ந்த முட்டை உப்பு நீரில் மிதப்பதைக் கண்டு பிள்ளைகள் கைதட்டினார்கள். பாடத்தை முடிக்கும் நேரத்தில், உயிர்காப்பு அங்கியும் இதே தத்துவத்தில்தான் தொழிற்படுகிறது என்று சொன்னேன். பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள்.

"எங்கட வாப்பா முப்பது வருஷமா கடலுக்குப் போறார், டீச்சர். நல்லா நீந்துவார். ஜக்கட்டப் போடச் சொன்னா, மீனுக்கு யாரும் நீந்தப் பழக்குவாங்களா எண்டு கேட்டுச் சிரிப்பார். அவருக்கும் அது தேவையா?"

வகுப்பு முழுவதும் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அவளுடைய கேள்விக்கு அன்று நான் சொன்ன பதில் அரைகுறையானது. மணி அடித்துவிட்டது என்பது ஒரு காரணம். எனக்கே சரியாகத் தெரியாது என்பது மற்றக் காரணம். அதன் பின் தேடிப் படித்தவற்றை அவளுக்காகவும், அவளைப் போலக் கடலைப் பார்த்துக் காத்திருக்கும் பிள்ளைகளுக்காகவும், அவர்களின் பெற்றோருக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

விழுந்தவுடன் நடப்பது என்ன?

முதலில் ஒரு சிறு கணக்கு. ஒரு படகு மணிக்கு 6 கடல் மைல் வேகத்தில் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது பெரிய வேகம் அல்ல. ஒருவர் கரையில் நிதானமாக ஓடும் வேகந்தான். ஒரு கடல் மைல் என்பது 1852 மீற்றர். ஆகவே அந்தப் படகு ஒவ்வொரு செக்கனுக்கும் ஏறத்தாழ 3 மீற்றர் நகர்கிறது. ஒருவர் தவறி விழுந்து, மற்றவர் அதைக் கண்டு, இயந்திரத்தை நிறுத்த ஒரு நிமிடம் சென்றால் இருவருக்கும் இடையிலான தூரம் 185 மீற்றராகிவிடும். ஒரு பெரிய விளையாட்டு மைதானத்தைவிட அது நீளம். அந்தத் தூரத்தில், அலைகளுக்கு நடுவே நீருக்கு மேலே தெரிவது ஒரு மனிதத் தலை மட்டுமே. தேங்காய் அளவான ஒரு கரும்புள்ளி. அலையின் பள்ளத்தில் இறங்கும்போது அதுவும் மறைந்துவிடும். விழுந்தது இரவில் என்றால் சொல்லவே வேண்டியதில்லை.

எனவே தவறி விழுந்த ஒருவர் உயிரோடு வீடு திரும்ப நான்கு காரியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தாக வேண்டும். அவர் மிதக்க வேண்டும். பிறர் கண்ணில் பட வேண்டும். உதவி அவரை எட்ட வேண்டும். கடைசியாக, நீரிலிருந்து அவர் மேலே தூக்கப்பட வேண்டும். இவை ஒரு சங்கிலியின் நான்கு கண்ணிகள். எந்தக் கண்ணி அறுந்தாலும் மற்ற மூன்றும் வீண். கடல் மீட்புக் கருவிகளின் வரலாற்றைப் படிக்கும்போது ஓர் உண்மை திரும்பத் திரும்பத் தெரிகிறது. புதிய கருவியைக் கண்டுபிடித்தவர்கள் எல்லோரும், "சென்ற தடவை எந்தக் கண்ணி அறுந்தது?" என்று கேட்டவர்களே.

முதலாம் கண்ணி: மிதத்தல்

மனித உடலின் அடர்த்தி நீரின் அடர்த்திக்கு மிகக் கிட்டியது. நுரையீரல் நிறையக் காற்று இருந்தால் பெரும்பாலானோர் மயிரிழையில் மிதப்பார்கள். மூச்சை விட்டால் அமிழத் தொடங்குவார்கள். ஆனால் சுவாசிக்க வேண்டுமானால் தலை நீருக்கு வெளியே இருக்க வேண்டும். தலையின் நிறை ஏறத்தாழ 5 கிலோகிராம். நீருக்கு வெளியே வந்த பகுதிக்கு மேலுதைப்புக் கிடையாது. அந்தச் சுமையைத் தாங்கத்தான் நாம் கையையும் காலையும் அடிக்கிறோம். களைப்பு வருவதும் அதனால்தான்.

இதைத் தெரிந்துகொண்டால் ஒரு வெற்று 5 லீற்றர் பிளாஸ்டிக் கலனின் பெறுமதி விளங்கும். மூடியை இறுக்கிய அந்தக் கலன் நீருக்குள் அமிழும்போது 5 லீற்றர் நீரை இடம்பெயர்க்கிறது. ஆக்கிமிடிசின் தத்துவப்படி ஏறத்தாழ 5 கிலோகிராம் நிறையைத் தாங்கும் மேலுதைப்பு அதனால் கிடைக்கிறது. அதாவது ஒரு மனிதனின் தலையை நீருக்கு மேலே வைத்திருக்க அது கிட்டத்தட்டப் போதும்.

முன்னைய மாலுமிகளுக்குப் பிளாஸ்டிக் கிடைக்கவில்லை. தக்கை மரத்தின் பட்டை கிடைத்தது. 1854 ஆம் ஆண்டில் பிரித்தானிய உயிர்காப்புப் படகுச் சங்கத்தின் பரிசோதகரான கப்டன் வார்ட் என்பவர், ஒடுங்கிய தக்கைத் துண்டுகளைக் கன்வஸ் துணியில் வரிசையாகத் தைத்து ஓர் அங்கியை அமைத்தார். மீட்புப் படகில் துடுப்பு வலிப்போர் அணிந்துகொண்டே வேலை செய்ய வேண்டும் என்பதற்காகவே அவர் தக்கையைச் சிறு துண்டுகளாக்கினார்.

அந்த அங்கியின் பெறுமதியை உலகுக்குக் காட்டியது ஒரு துயரம். 1861 பெப்ரவரி 9 ஆம் திகதி இங்கிலாந்தின் விட்பி என்ற துறைமுக ஊரில் கடும் புயல். கரையோரம் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. ஊரின் மீட்புப் படகு அன்று பல தடவைகள் கடலுக்குச் சென்று உயிர்களைக் காப்பாற்றியது. கடைசித் தடவை அந்தப் படகே கவிழ்ந்தது. அதில் இருந்த 13 பேரில் 12 பேர் கரையில் நின்ற உறவினரின் கண் முன்னே மாண்டனர். தப்பியவர் ஹென்றி ஃப்ரீமன் ஒருவரே. புதிய தக்கை அங்கியை அணிந்திருந்தவரும் அவர் ஒருவரே. மாண்டவர்கள் யாவரும் கடலிலேயே வளர்ந்தவர்கள் என்பதை நாம் மறக்கக்கூடாது.

பின்னர் தக்கையின் இடத்துக்கு இலவம்பஞ்சு வந்தது. நமது தலையணைகளில் அடைக்கும் அதே பஞ்சுதான். அதன் இழைகள் உள்ளே காற்றைக் கொண்ட குழாய்கள். மேலே மெழுகுப் பூச்சு உண்டு. அதனால் எளிதில் நனையாது. ஆனால் நெருக்கி மிதித்தாலும் எண்ணெய் பட்டாலும் அதன் மிதக்கும் வலு குறைந்துவிடும். இன்று பெரும்பாலான அங்கிகளில் இருப்பது மூடிய காற்றறைகளைக் கொண்ட நுரைப் பிளாஸ்டிக்.

மயங்கியவரின் முகம்

1912 இல் டைட்டானிக் கப்பல் மூழ்கிய கதை எல்லோருக்கும் தெரியும். 1500 இற்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் பெருந்தொகையானோர் தக்கை அங்கி அணிந்தே இருந்தனர், மிதந்துகொண்டே இருந்தனர். உறைநிலையை ஒட்டிய கடல்நீரின் குளிர்தான் அவர்களைக் கொன்றது. மிதந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

வேறொரு குறையும் இருந்தது. விழும்போது தலை அடிபட்டு மயங்கியவரை அங்கி மிதக்கச் செய்யும். ஆனால் முகம் நீருக்குள் கவிழ்ந்திருந்தால்? இரண்டாம் உலகப் போரின்போது கடலில் விழுந்த விமானிகள் பலருக்கு இந்த ஆபத்து இருந்தது. எந்த அங்கி மயங்கியவரை நிமிர்த்தும், எது கவிழ்க்கும் என்று எப்படிப் பரிசோதிப்பது? விழித்திருக்கும் மனிதன் தன்னை அறியாமலே கழுத்தை நிமிர்த்திவிடுவான். பொம்மையின் உடல் மனித உடலைப் போலத் துவளாது.

பிரித்தானிய விமானப் படையில் பணியாற்றிய எட்கர் பாஸ்க் என்ற மயக்க மருந்து வைத்தியர் இதற்கு ஒரு வழி கண்டார். தன்னையே மயக்கச் செய்தார். தொண்டை வழியே மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாய் செலுத்தப்பட்டது. ஈதர் கொடுத்து முழு மயக்கத்தில் ஆழ்த்தப்பட்ட நிலையில், வெவ்வேறு அங்கிகளை அணிவித்து அவரை நீச்சல் தடாகத்தில் மிதக்கவிட்டார்கள். அவர் உடல் எப்படித் திரும்புகிறது, முகம் எங்கே போகிறது என்பதைச் சக வைத்தியர்கள் பார்த்துப் பதிவு செய்தார்கள். ஒரு தடவை அல்ல, பல தடவைகள். இந்தச் சோதனைகளில் சில அங்கிகள் மயங்கிய மனிதனின் முகத்தை நீருக்குள்ளேயே வைத்திருந்தன.

இதன் விளக்கம் நமது பௌதிகப் பாடத்திலேயே இருக்கிறது. உடலின் நிறை ஈர்ப்பு மையத்தினூடாகக் கீழ்நோக்கித் தொழிற்படுகிறது. மேலுதைப்பு, மிதப்பு மையத்தினூடாக மேல்நோக்கித் தொழிற்படுகிறது. இரண்டும் ஒரே நிலைக்குத்துக் கோட்டில் வரும்வரை உடல் திரும்பும். மிதக்கும் பொருளை முதுகில் வைத்தால் முகம் கவிழும். மார்பிலும் கழுத்தைச் சுற்றியும் வைத்தால் உடல் மல்லாந்து, முகம் வானத்தைப் பார்க்கும். அங்கியின் முன்புறம் தடித்திருப்பதும், பிடரியில் ஒரு தலையணை இருப்பதும் அழகுக்காக அல்ல. கப்பல்களுக்கான சர்வதேச விதிகளின் கீழ் வகுக்கப்பட்ட தரம், மயங்கியவரின் வாய் நீர்மட்டத்திலிருந்து 120 மில்லிமீற்றர் அளவு உயர்ந்திருக்க வேண்டும் என்றும், அவரை 5 செக்கன் அளவில் அங்கி நிமிர்த்திவிட வேண்டும் என்றும் கேட்டது. அந்தச் சில செக்கன்களுக்குப் பின்னால், தன் உயிரைப் பணயம் வைத்து நீரில் மிதந்த ஒரு வைத்தியர் இருக்கிறார்.

இரண்டாம் கண்ணி: கண்ணில் படுதல்

அங்கி ஏன் எப்போதும் செம்மஞ்சள் நிறத்தில் இருக்கிறது? நீலமும் பச்சையும் கலந்த கடற்பரப்பில் மிகவும் எடுப்பாகத் தெரியும் நிறம் அது. கறுப்போ கடும் நீலமோ அணிந்தவரைக் கடல் விழுங்கிவிடும். அங்கியில் ஒட்டியுள்ள வெள்ளிநிற நாடாவை உற்றுப் பாருங்கள். எந்தத் திசையிலிருந்து வெளிச்சம் வந்தாலும் அதே திசைக்கு அதைத் திருப்பி அனுப்பும் தன்மை கொண்டது. தேடுபவரின் மின்சூள் வெளிச்சம் அவருடைய கண்ணுக்கே திரும்பி வருகிறது. அங்கியில் கட்டிய விசிலும் விளையாட்டுப் பொருள் அல்ல. கத்திக் கத்தித் தொண்டை அடைத்துப்போன பின்பும் ஊதுவதற்கு மூச்சு இருக்கும்.

இருளில் தொலைவுக்குத் தெரியும் வெளிச்சம் என்றால் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லாமல் கடக்க முடியாது. ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த மார்த்தா கோஸ்டன் 1848 இல் இளம் வயதிலேயே விதவையானார். கையில் சிறு பிள்ளைகள், பணம் இல்லை. இறந்த கணவரின் காகிதங்களுக்கிடையே கப்பல்களுக்கான இரவு வெளிச்சக் குறிப்புகள் பற்றிய ஒரு முற்றுப்பெறாத திட்டத்தைக் கண்டார். அதன் சூத்திரங்கள் சரியாகத் தொழிற்படவில்லை. இரசாயனம் கற்காத அந்தப் பெண், இரசாயனவியலாளர்களையும் வாணவேடிக்கை தயாரிப்போரையும் தேடித் தேடி ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் முயன்றார். பெண் என்று தெரிந்தால் பதில் எழுதமாட்டார்கள் என்று ஆண் பெயரில் கடிதம் எழுதினார். 1859 இல் உரிமைப் பத்திரம் கிடைத்தது. ஆனால் கண்டுபிடித்தவர் என்று அதில் பதியப்பட்டது இறந்த கணவரின் பெயர். மார்த்தா சளைக்கவில்லை. முறுக்கினால் தானாகப் பற்றும் புதிய வகையொன்றை ஆக்கி, 1871 இல் தன் சொந்தப் பெயரிலேயே உரிமைப் பத்திரம் பெற்றார். அமெரிக்கக் கடற்படையும், கரையோரம் இரவில் காவல் நடந்த உயிர்காப்புப் பிரிவினரும் அவருடைய வெளிச்சங்களைப் பயன்படுத்தினார்கள். பாறையை நோக்கி வந்த கப்பல்கள் எச்சரிக்கப்பட்டன. இன்று படகுகளில் வைத்திருக்கும் செந்நிற அவசர வெளிச்சங்கள் அந்த வழியில் வந்தவையே.

இப்போது வெளிச்சத்தோடு வானொலி அலையும் சேர்ந்துவிட்டது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவி 406 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் செய்மதிக்குக் குறிப்பை அனுப்பும். மீட்பு நிலையத்துக்கு இடம் தெரிந்துவிடும். செய்மதி வழியான இந்த ஒழுங்கினால் முதன்முதலாக உயிர்கள் காப்பாற்றப்பட்டது 1982 செப்டெம்பரில். அமெரிக்காவும் அன்றைய சோவியத் ஒன்றியமும் பகையாளிகளாக இருந்த காலத்திலும், கனடா, பிரான்ஸ் ஆகியவற்றோடு சேர்ந்து இதை உருவாக்கினார்கள் என்பது மனத்தில் நிற்க வேண்டிய செய்தி.

மூன்றாம் கண்ணி: எட்டுதல்

விழுந்தவரைக் கண்டாயிற்று. எப்படி நெருங்குவது? பெரிய கப்பல் நினைத்த இடத்தில் நிற்காது. திரும்பவும் பெரிய வட்டம் வேண்டும். இதற்காக மாலுமிகள் பழகும் ஒரு திருப்பத்துக்கு வில்லியம்சன் திருப்பம் என்று பெயர். முதலில் விழுந்தவர் இருக்கும் பக்கமாகச் சுக்கானை முழுதாகத் திருப்புவார்கள். கப்பல் ஏறத்தாழ 60 பாகை திரும்பியதும் சுக்கானை மறுபக்கத்துக்கு மாற்றுவார்கள். கப்பல் சுற்றி வந்து, தான் வந்த அதே பாதையில் எதிர்த்திசையில் போகும். இருளில் ஆளைக் காணாவிட்டாலும் அவர் விழுந்த பாதைக்கே திரும்பிவிடலாம். இதில் புதிய பொருள் எதுவும் இல்லை. புதிய சிந்தனை மட்டுமே இருக்கிறது. கண்டுபிடிப்பு என்றால் ஒரு பொருளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

சிறிய பாய்மரப் படகுகளில் வேறொரு சிக்கல். கணவனும் மனைவியும் மட்டும் செல்லும் படகில் ஒருவர் விழுந்தால் மற்றவர் தனியே என்ன செய்வார்? படகையும் ஓட்ட வேண்டும்; கயிற்றையும் எறிய வேண்டும்; பாரமான ஓர் உடலையும் தூக்க வேண்டும். அமெரிக்காவின் சியாட்டில் நகரப் பாய்மரப் படகோட்டிகள் 1980களின் தொடக்கத்தில் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் ஆக்கிய கருவி மிக எளியது. குதிரை லாட வடிவான ஒரு மிதவை. அதில் ஏறத்தாழ 45 மீற்றர் நீளமான மிதக்கும் கயிறு. கயிற்றின் மறுமுனை படகின் பின்புறத்தில் கட்டப்பட்டிருக்கும். மிதவையை எறிந்துவிட்டு, விழுந்தவரைச் சுற்றிப் படகை வட்டமாக ஓட்டினால் போதும். வட்டம் சுருங்கச் சுருங்கக் கயிறு தானாக அவர் கைக்கு வந்துசேரும். குறி பார்த்து எறியத் தேவையில்லை, பலமும் தேவையில்லை. மிதவையைக் கக்கத்துக்குள் போட்டுக்கொண்டதும் படகை நிறுத்தி, மெல்ல இழுத்தெடுக்கலாம். பலசாலிகளுக்காகக் கருவி செய்வது இலகு. தனியே நிற்கும் ஒரு பெண்ணாலும் இதைச் செய்ய முடியுமா என்று கேட்டதே அவர்களின் சிறப்பு.

நான்காம் கண்ணி: தூக்குதல்

கையைப் பிடித்துவிட்டோம், இனிப் பயமில்லை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் படகின் பக்கம் வரை வந்தவர்களும் கை நழுவிப் போயிருக்கிறார்கள். 80 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் நனைந்த உடையோடு, பிடிக்கவும் வலுவற்ற நிலையில் இருக்கும்போது, ஒரு மீற்றர் உயரத்துக்குத் தூக்குவது ஒருவரால் ஆகாத காரியம். இங்கே கப்பித் தொகுதி கைகொடுக்கிறது. நான்கு கயிற்றுப் பகுதிகள் சுமையைத் தாங்கும் கப்பித் தொகுதியில், உராய்வை விட்டுப் பார்த்தால், 20 கிலோகிராம் நிறையைத் தூக்கும் விசையால் 80 கிலோகிராமை உயர்த்தலாம். அதற்கு விலையாக நான்கு மடங்கு நீளமான கயிற்றை இழுக்க வேண்டும். பொறிமுறை நயம் என்று பரீட்சைக்காக மனனம் செய்வது இதைத்தான்.

1979 ஓகஸ்ட் மாதம் அயர்லாந்தை அண்டிய கடலில் நடந்த ஃபாஸ்ட்நெட் பாய்மரப் போட்டியில் 303 படகுகள் புறப்பட்டன. நடுவே புயல் தாக்கி, போட்டியாளர்கள் 15 பேர் இறந்தனர். உடலைப் படகோடு பிணைக்கும் பாதுகாப்பு வார்களும் அவற்றின் கொக்கிகளும் சிலவற்றில் தாங்கவில்லை. சிலர் மீட்புக் கப்பலின் பக்கம் ஏறும் வேளையிலேயே கடலில் மறைந்தார்கள். அதன் பின் வார்களின் தரம் இறுக்கப்பட்டது.

நீரிலிருந்து தூக்கியவுடன் சிலர் மயங்கி விழுவதன் காரணத்தையும் வைத்தியர்கள் ஆராய்ந்தார்கள். நீருக்குள் இருக்கும்போது நீரின் அமுக்கம் கால்களைச் சுற்றி அழுத்தி, இரத்தம் மேல்நோக்கி வர உதவுகிறது. நெடுநேரம் நீரில் இருந்தவரை நின்ற நிலையில் சடுதியாகத் தூக்கினால் அந்த அமுக்கம் இல்லாமற்போய், இரத்தம் கால்களில் தேங்கும். களைத்த இதயம் அதைத் தாங்காது. ஆகவே இயன்றபோதெல்லாம் படுத்த நிலையிலேயே தூக்க வேண்டும். ஏணி போல மடிந்து நீரில் இறங்கி, ஆளைத் தொட்டிலில் உருட்டுவது போல மேலே கொண்டுவரும் வலைகள் இதற்காகவே செய்யப்பட்டன.

அறிவும் ஒரு கருவியே

2013 ஜூலை மாதம் ஐக்கிய அமெரிக்காவின் நியூயோர்க் கரைக்கு அப்பால், சிங்கி இறால் பிடிக்கும் படகொன்றிலிருந்து ஒரு மீனவர் அதிகாலை இருளில் தவறி விழுந்தார். அங்கி அணிந்திருக்கவில்லை. துணைவர்கள் உறக்கத்தில். படகு தானாகச் சென்றுகொண்டே இருந்தது. பாரமான இறப்பர் சப்பாத்துகள் தன்னைக் கீழே இழுக்கும் என்பதே எவருக்கும் வரும் முதல் எண்ணம். அவர் அவற்றைக் கழற்றி, தலைகீழாகக் கவிழ்த்து, காற்றை உள்ளே அடைத்துக் கக்கங்களுக்குள் வைத்துக்கொண்டார். விடிந்த பின் இறால் பொறிகளின் மிதவைகளைக் கண்டு, அவற்றைப் பற்றிக்கொண்டார். கரையோரக் காவற்படையினர், காற்றும் நீரோட்டமும் ஒருவரை எங்கே கொண்டுசெல்லும் என்று கணிக்கும் கணினியின் துணையோடு தேடினார்கள். ஏறத்தாழ 12 மணித்தியாலங்களின் பின் ஹெலிகொப்டரில் இருந்தவர்கள் அவரைக் கண்டார்கள்.

கண்ணிகள் ஒவ்வொன்றும் இக்கதையில் இருக்கின்றன. ஆனால் ஒரு சாதாரண அங்கி அணிந்திருந்தால் அந்தப் பன்னிரண்டு மணித்தியாலப் போராட்டத்தின் பாதி அவருக்கு இருந்திராது.

நமது கரையில்

நாம் வாழ்வது தீவில். பேருவளையிலும் கற்பிட்டியிலும் மூதூரிலும் கிண்ணியாவிலும் கடலை நம்பி அடுப்பெரியும் வீடுகள் எத்தனை! களப்பையும் ஆற்றையும் தாண்டிப் பாடசாலைக்குப் போகும் பிள்ளைகளும் நம்மிடையே உண்டு. 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படச் சிலரை நாம் இழந்தோம். புத்தகப் பையோடு புறப்பட்ட பிள்ளைகள் அவர்கள்.

நமது கடல் டைட்டானிக் மூழ்கிய கடல் போலக் குளிரானது அல்ல. ஆனாலும் ஏறத்தாழ 28 பாகை செல்சியசில் இருக்கும் நீர், 37 பாகையில் இருக்கும் உடலிலிருந்து மணிக்கணக்காக வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வெயில், தாகம், களைப்பு என்பன அதோடு சேரும். நீச்சல் தெரிந்தவருக்கும் களைப்பு வரும். தலை அடிபட்டு விழுந்தவருக்கு நீச்சல் தெரிந்தும் பயனில்லை.

இங்கேதான் ஐந்தாவது கண்ணி ஒன்று இருக்கிறது: அணிதல். அங்கி சூடாக இருக்கிறது, வலை இழுக்க இடைஞ்சல், வியர்க்கிறது என்று மீனவர்கள் சொல்வது சாட்டு அல்ல, உண்மை. பழைய அங்கிகளில் அந்தக் குறை உண்டு. அதையும் ஒரு கேள்வியாக எடுத்தவர்கள் உண்டு. 1928 இல் பீற்றர் மார்க்கஸ் என்பவர் காற்றூதும் அங்கிக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். இன்று வரும் வகைகள் தோளில் ஒரு பட்டி போலக் கிடக்கும். நீரில் விழுந்ததும் உள்ளே உள்ள சிறு வில்லை கரைய, அது தடுத்து வைத்திருந்த சுருள்வில் விடுபட்டு, ஓர் ஊசி காபனீரொட்சைட்டுக் குப்பியைத் துளைக்கும். சில செக்கன்களில் அங்கி ஊதிவிடும். விலைதான் அதிகம். நமது வெயிலுக்கும் நமது மீனவரின் கைக்கும் வருவாய்க்கும் ஏற்ற அங்கியை ஆக்குவது இன்னும் செய்து முடியாத வேலை. மாணவிகளே, அந்த வேலைக்கு உங்களில் ஒருத்தி தேவை. மார்த்தா கோஸ்டனிடம் பட்டம் இருக்கவில்லை, விடாமுயற்சி இருந்தது.

அதுவரை நாம் வீட்டில் செய்யக்கூடியவை சில. ஒன்றரை லீற்றர் வெற்றுப் போத்தலில் கால்பங்கு நீர் விட்டு மூடியை இறுக்கி, கழுத்தில் 15 மீற்றர் கயிற்றைக் கட்டுங்கள். எறியும் மிதவை தயார். உள்ளே உள்ள நீர் தூரம் போகப் பாரம் தரும்; காற்று மிதக்கச் செய்யும். விழுந்தவரைத் தாண்டி எறிந்து, கயிறு அவர் மேல் படும்படி இழுக்க வேண்டும். எறிபவர் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக்கூடாது. பதிந்து இருந்தோ படுத்தோ இழுக்க வேண்டும். வெளியிணைப்பு இயந்திரப் படகு ஓட்டுபவர் இயந்திரத்தை நிறுத்தும் கொடியைத் தன் உடலோடு மாட்டிக்கொள்ள வேண்டும்; அவர் விழுந்தால் இயந்திரமும் நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி: பயிற்சி இல்லாதவர் காப்பாற்றுவதற்காக நீரில் குதிக்கக்கூடாது. முதலில் தடியை நீட்டுங்கள், எட்டாவிட்டால் மிதப்பது எதையாவது எறியுங்கள், உதவிக்குக் கத்துங்கள், விழுந்தவர் மேலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் இருவரை இழந்த வீடுகள் உண்டு.

அந்த மாணவிக்கு இவற்றை ஒரு நாள் இடைவேளையில் உட்கார வைத்துச் சொன்னேன். கவனமாகக் கேட்டாள். அடுத்த கிழமை வந்து சொன்னாள்:

"வாப்பாக்கிட்ட எல்லாம் சொன்னேன், டீச்சர். விட்பிக் கதையச் சொல்லக்குள்ள சிரிக்கல்ல. ஜக்கட் எங்க எண்டு கேட்டேன். படகுல ஐஸ் பெட்டிக்குப் பின்னால கிடக்காம். நான் போய் எடுத்து வெயில்ல காய வச்சேன். விசில் இல்ல. தம்பிட விசிலக் கட்டி விட்டிருக்கேன்."

"போடுவாராமா?" என்று கேட்டேன்.

"பார்ப்பம் எண்டார்."

முப்பது வருட வழக்கம் ஒரு நாளில் மாறாது. ஆனால் அந்த அங்கி இப்போது ஐஸ் பெட்டிக்குப் பின்னால் இல்லை. கை எட்டும் இடத்தில் தொங்குகிறது. ஒரு கண்ணியை அவள் பொருத்திவிட்டாள்.